கூழைக்கடா மூணு

"எழுதுட்டி, கூழைக்கடா மூணு."

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார் வல்லிநாயகம். ஆய்க்குடிப் பக்கத்துக் குளத்தங்கரையில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி சங்கரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கூழைக்கடா ரெண்டுதான். மூணாவது, கருவேல மரத்தில் சிக்கிக் கிடந்த வெள்ளை உரச்சாக்கு.

தை மாசப் பறவைக் கணக்கெடுப்பில் முப்பது வருஷமாக இந்தக் குளம் இவர்களுடையது. அவர் பார்த்துச் சொல்வார், அவள் எழுதுவாள். போன வருஷத்திலிருந்துதான் இந்தக் கூத்து. கொக்கை நாரை என்கிறார், மிதக்கிற பாட்டிலை முக்குளிப்பான் என்கிறார். கண் போய்விட்டது என்று தெரிந்தால் குளத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே ஓய்ந்துபோவார்.

"மூணுன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்." ரெண்டு என்று எழுதினாள்.

"அந்தா, அங்கன நாமக்கோழி. ஒரு நாப்பது இருக்குமா?"

அவள் விரல் மடக்கி எண்ணினாள். அம்பத்தாறு. அதில் ஒன்று இன்னொன்றைத் தண்ணீரில் ஓட ஓட விரட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி சிரிக்கே?"

"ஒண்ணுமில்ல. நாப்பதுதான்."

வெயில் ஏறியதும் கணக்கெடுப்பை நடத்துகிறவர்களிடமிருந்து கணக்கை வாங்கிப்போக ஷஹானா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வல்லிநாயகம் டீக்கடைப் பக்கம் போயிருந்தார். சங்கரேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லிராத. இதெல்லாம் நான் எண்ணுனது. அவருக்குக் கண்ணு சரியில்ல. குளத்த மட்டும் அவர்ட்ட இருந்து எடுத்திராதம்மா, நீ நல்லா இருப்ப."

ஷஹானா பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். 'எண்ணியவர்' என்ற இடத்தில் சங்கரேஸ்வரி என்று அச்சாகியிருந்தது.

"போன வருஷமே வல்லிநாயகம் சார் வந்து பேர மாத்திட்டாங்கம்மா. கண்ணு போயிட்டுன்னு அவங்களேதான் சொன்னாங்க. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"'நான் தப்புத் தப்பாச் சொன்னாத்தான் அவ நிமிந்து குளத்தப் பாக்கா. முப்பது வருஷமா நோட்டத்தானே பாத்துக்கிட்டு இருந்தா'ன்னாங்க."