அரை மூட்டைக் கரி

தராசின் இரும்புத் தட்டைக் கழற்றி கரிக்கடை அஸீஸ் நானாவின் முகத்தில் அடித்தேன்.

மூக்கு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கரித்தூள் அப்பிய முகத்தில் இரத்தம் சிவப்பாகத் தெரியவில்லை. கறுப்பாகத்தான் வடிந்தது.

விஷம் கக்குகிற ஈரக்கரியை விற்று என் அக்காவைக் கொன்றுவிட்டாய் என்று கத்தினேன். பெரகல சந்தி முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அக்கா பாக்கியலெட்சுமியையும் அவள் பெற்ற ஒன்பது நாள் பெண்பிள்ளையையும் முந்தாநாள்தான் தேயிலைக்குப் பின்னால் ஒரே குழியில் புதைத்தோம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பெற்றவளின் காம்பராவுக்குள் காற்று நுழையக் கூடாது. ஜன்னலைப் பலகை வைத்து அடைப்போம், தகரத்து ஓட்டைகளில் கந்தல் செருகுவோம். அன்றைக்குப் பனி கொட்டியது. விறகு என்றால் புகை, பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. அதனால் இந்தக் கடையில் வாங்கிய கரியைச் சட்டியில் மூட்டி, புகை அடங்கியதும் அவர்கள் பாய்க்குப் பக்கத்தில் வைத்தோம்.

விடிந்தபோது அந்தக் காம்பராவில் சூடாக இருந்தது சட்டி மட்டும்தான்.

அடைத்த அறையில் கரித்தணல் ஆளைக் கொல்லும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். எனக்கு அவரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது.

தட்டை மறுபடியும் ஓங்கினேன். நானாவின் பெண்சாதி ரஹ்மத்தும்மா பின்னாலிருந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் உப்பும் கரியும் கரித்தது. அவள் விடவில்லை.

"ஆம்புளய அடிக்கத்தானா கெம்பஸ் போன நீ?" என்றாள்.

அவர்களுடைய மகள் ஹம்ஸியா கரி சலிக்கிற சல்லடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். குடும்பமே கரி அள்ளிப் பிழைக்கிற கடை அது. மூன்று பேருக்கும் நகக்கண் வரைக்கும் கறுப்பு.

வாசலில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். அக்காவின் புருசன் செல்லமுத்துவும் லயத்து ஆம்பிளைகள் ஐந்து பேரும். எல்லோர் கையிலும் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. ஒரு வார்த்தை போதும் அவர்களுக்கு.

நானா திருப்பி அடிக்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டு இரண்டு கரித்துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்றது. ஈரக்கரி அப்படிச் சத்தம் போடாது. அது எங்கள் ஆட்களுக்கும் தெரியும்.

கத்திகள் கொஞ்சம் இறங்கின. செல்லமுத்து என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். மூன்று நாளாக ஒரு சொல் பேசாதவள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழவு வீட்டில் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கை அது. இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளைப் பெற்றவளுக்கு மிச்சம் அந்த ஒரு கைதான்.

"நானா, மூடுன காம்பராவுல கரி ஆளக் கொல்லும்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே? இவ வாங்க வந்தப்போ ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கக் கூடாதா?"

சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டாள்.

நானா உடுத்தியிருந்த சாரத்தின் முனையால் மூக்கைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். ஓங்கிய தட்டு என் கையில் அப்படியே நின்றது.

"சொல்லியிருக்கணும் தங்கச்சி. மறந்துட்டன்."

ரஹ்மத்தும்மா வாயைத் திறந்தாள். சும்மா இருக்கச் சொல்லி நானா கையைக் காட்டினார். அவள் என் தலைமயிரை விட்டுவிட்டாள்.

செல்லமுத்துதான் முதலில் பாய்ந்தான். விலாவில் மிதித்த மிதியில் நானா மூட்டைகளின் மேல் சரிந்தார். மற்றவர்களும் அவர்மேல் விழுந்தார்கள். சாக்குகள் கிழிந்து கரி தார்ரோட்டு வரைக்கும் உருண்டது. தலையை மறைக்கத் தூக்கிய கையில் ஒரு கத்தி இறங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கடையில் வெள்ளையாக இருந்தது அது ஒன்றுதான். ஹம்ஸியா ஓடிவந்து வாப்பாவின் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு மிதி.

அம்மா என் முகத்தைத் தன் தோளுக்குள் அழுத்தி, பார்க்காதே என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். படித்த பிள்ளை சொன்னால் லயத்தில் எல்லோரும் கேட்பார்கள். அன்று ராத்திரி, மூச்சு முட்டுகிறது, கதவைக் கொஞ்சம் திற என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டபோது, பிள்ளைக்குக் குளிரும் என்றேன். அவளும் என் பேச்சைக் கேட்டாள்.

நான் சொல்லவில்லை.

அரை மூட்டைக் கரி வாங்கிய அன்று, கதவை ஒரு சாண் திறந்தே வைக்க வேண்டும் என்று நானா கடையிலேயே சொன்னார். நான் பஸ் ஏறிய பிறகும் கரிக்கையோடு ஓடிவந்து, ஜன்னலைத் தட்டி, இன்னொரு முறை சொன்னார்.

பஸ் நிறையச் சனம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பேராதனை கெம்பஸில் விட்ட பாடத்தை நானா இங்கே நடத்துகிறார் என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அவரும் சிரித்தார்.