பிரணவனுக்குப் படைத்தது

நாகபூசணி அறைக் கதவை வெளியே நின்று சாத்திவிட்டு, தம்பியின் கூட்டாளி ஆனந்தராசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

செத்துப்போன அவளது தம்பி பிரணவன் வந்து சாப்பிட்டுப் போகும்வரை அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. செத்த எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையல் என்றால், வெளிநாட்டு ஒரேத்தோத் தெருவின் மூன்றாம் மாடியிலும் அதுதான் முறை.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்ட வருடம் அது. அந்தச் சனத்தோடு போன தாய்க்கு இன்னும் செய்தியே போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் தமக்கைதான் செய்தாள்.

வாழையிலையை, பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாவில் தான் வீடு துடைக்கும் வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் தோட்டத்தில் கேட்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். நண்டுக்கறி, கணவாய்ப் பொரியல், சிகரெட், கால் போத்தல் சாராயம். எல்லாம் அவனுக்குப் பிடித்தவை.

கதவைச் சாத்துமுன், பிரணவனின் சேர்ட்டுப் பையில் கிடந்த வெள்ளித்தாள் பொட்டலத்தையும் பிரித்து இலையின் ஓரத்தில் வைத்தாள்.

"கோர்ட்டாலை அனுப்பின இடத்திலை குடுத்த மருந்து. பாவி, கடைசி நாளும் மறக்கேல்லை."

ஆனந்தராசா இலையின் பக்கம் குனிந்து பார்த்தான்.

அங்கே கொடுப்பது குடிக்கிற மருந்து. இது ஹெரோயின் தூள். இதற்காகத்தான் பிரணவனையும் அவனையும் ஒன்றாகப் பிடித்தார்கள். சிறையிலிருந்து எடுத்து, போதையை விட வைத்தியம் செய்யுங்கள் என்று நீதிபதி ஒன்றாகத்தான் அனுப்பினார்.

உன் தம்பியைக் கொன்றதே இதுதான் அக்கா என்று இத்தனை சனத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? எடுத்து எறியலாம். எடுத்த கை எறியாது என்பது அவனுக்குத் தெரியும்.

நாளைக் காலை அங்கே சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். பிசகினால் திரும்பச் சிறை.

"உயிரோடை இருக்கேக்கையே கூப்பிட்ட நேரத்துக்கு வராதவன். இண்டைக்கு எங்களைப் பட்டினி போடப்போறான்," என்றார் மாமன் கோபாலசிங்கம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆனந்தராசா மனதுக்குள் கும்பிட்டான். பிரணவா, வாடா. நண்டைத் தொடாதே, சாராயத்தைத் தொடாதே. அதை எடு. சிறையில் ஒரு துண்டுப் பாண் கிடைத்தாலும் எனக்குப் பிய்த்து நீட்டுகிறவன் நீ. இதை மட்டும் தனியாகத் தின்னடா.

உள்ளே, பூட்டிய அறைக்குள், கரண்டி ஒன்று தரையில் விழுந்தது.

சிரித்தவர்கள் கதவை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

நாகபூசணி கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

ஜன்னல் பூட்டியபடியே இருந்தது. சாம்பிராணிப் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. நண்டு வைத்த இடத்தில் இருந்தது. சாராயம் குறையவில்லை.

வெள்ளித்தாளில் மட்டும், தூளின் நடுவே, நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தாள் மின்னியது.

இந்தப் பக்கத்துப் பாதி அப்படியே இருந்தது.

"அவன்ரை கூட்டாளி நீ. முதல்லை நீ கை வை தம்பி, பிறகுதான் மற்ற ஆக்கள்," என்று சொல்லி, நாகபூசணி அவன் மணிக்கட்டை விட்டாள்.