ஒட்டகத்தின் தாய்வழி

ரத்தம் உறையாத நோய்க்கு மூத்த மருமகள் பெற்ற இரண்டு பேரன்களைப் பறிகொடுத்த ஷேக் ஹமூத், தன் பதினேழு தலைமுறைப் பெயர்களையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அத்தனையும் ஆண்கள். அந்த நோயோ தாய்வழியாக இறங்குவது. மரபணு ஆய்வாளர் நுவைராவின் தாளில் பெண்களுக்கான வட்டங்கள் காலியாகவே கிடந்தன.

“அம்மாக்கள் பேரும் வேணுமே.”

“வீட்டுப் பொம்பளைங்க பேரை வெளியே சொல்ற வழக்கமில்ல, மகளே.”

நுவைரா தாளை மடித்தாள். கூடாரத்துக்கு வெளியே ஒரு வெள்ளை ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“அழகா இருக்கே! யாரோடது?”

ஷேக்கின் முகம் மலர்ந்தது. “மூத்த மருமகளோட சீர். அம்மா சீராக் கொண்டுவந்த ஒட்டகம் ஈன்ற பொட்டக் குட்டியத்தான் மகளுக்குச் சீராக் கொடுப்போம். இதோட அம்மா ரீஷா. ரீஷாவோட அம்மா ஃபித்தா...”

நுவைரா மெல்லத் தாளை விரித்தாள். ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஒட்டகத்தின் பெயர் ஏறியது. ஏழாவதோடு ஷேக் நிறுத்தி, அவள் கோப்பையில் காபியை ஊற்றினார்.

“அடுத்தது சின்ன மருமகளோட ஒட்டகம். ரெண்டும் எந்த ஒட்டகத்துல போய்ச் சேருதுன்னு நல்லாப் பாரு, மகளே. அவ இப்ப மாசமா இருக்கா.”