பூவிழி செய்த படகு

ஏரியூரில் காலை வெயில் தகரக் கொட்டகைக்குள் சாய்வாக விழுகிறது. மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி ஒட்டி ஏழு மாதமாகப் பூவிழி செய்த, மேல்பக்கமும் மூடியிருக்கும் கயாக் படகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இன்று ஒன்றாகச் சேர்கின்றன. வெளிப்பக்க இணைப்பு முடிந்துவிட்டது, உள்பக்கம்தான் பாக்கி. ரெசின் பசையைக் கலந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் அது இறுகிவிடும். அதற்குள் இணைப்பின் மேல் ஃபைபர் துணியை ஒட்டாவிட்டால் ஆற்றில் படகு இரண்டாகப் பிரிந்துவிடும். உட்காரும் துளை வழியாகத் தலையையும் தோளையும் நுழைத்திருக்கிறாள். கால்கள் மட்டுமே வெளியே தெரிகின்றன. கணவன் கதிரவன் துளையோரம் டார்ச்சைப் பிடித்திருக்கிறான். "இன்னும் முன்னால காட்டுங்க," என்று படகுக்குள்ளிருந்து குரல் வருகிறது. நீளக் குச்சியில் கட்டிய பிரஷ் தட்டும் சத்தம் மெதுவாகப் படகின் மூக்குவரை போய் நிற்கிறது. "ஒட்டிக்கிச்சுங்க!" வேர்த்த முகத்தோடு வெளியே வருகிறாள், நெற்றி முடியில் ரெசின் அப்பியிருக்கிறது. வெயில் பட்டுத் தேன் நிறத்தில் படகு மின்னுகிறது. பால் கேனோடு போன பால்காரர் மாது வண்டியை வேலியோரம் நிறுத்தி எட்டிப் பார்த்து, "எங்கங்க வாங்கியாந்தீங்க?" என்கிறார். "வாங்கலைங்க. எம் பொண்டாட்டி செஞ்சது," என்கிறான் கதிரவன். மாது வியந்து தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். அந்தச் சத்தத்துக்கு மேலே, யாரும் கேட்காமலே, கதிரவன் இன்னொரு முறை உரக்கச் சொல்கிறான்: "எம் பொண்டாட்டி செஞ்சதுங்க!"