பொத்தானிட்ட கோட்டு

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் உடுப்போடும் ஷூவோடும் நீந்திக் காட்டினால்தான் நீச்சல் சான்றிதழ். கால்வாய்க்குள் யாரும் நீச்சலுடையில் விழுவதில்லை. நீச்சல்குளத்தோரம் வரிசையாக நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், கழுத்துவரை பொத்தானிட்ட நீல மழைக்கோட்டில் ஐம்பத்தெட்டு வயது ஹில்கே நிற்கிறாள். கூரைக் கண்ணாடி வழியே விழும் காலை வெளிச்சம் தண்ணீரில் ஆடுகிறது. போன நவம்பரில் அவர்களது சரக்குப் படகிலிருந்து கணவன் வீபே தவறி விழுந்தபோது, நீந்தத் தெரியாத அவள் கயிற்றைப் பிடித்தபடி மேலேயே நின்றாள். குதித்து அவனை மீட்டது பக்கத்துப் படகுக்காரன். "கோட்டைத் திறந்து விட்டுக்கோங்கம்மா, நீந்த லேசா இருக்கும்," என்கிறாள் ஆசிரியை. "படகுல பொத்தான் போட்டுத்தானே நிக்கிறேன்." பெஞ்சிலிருந்து வீபே, "மெதுவா இறங்குடி, குளத்துத் தண்ணி வெளிய வந்துடப் போகுது," என்கிறான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் குதிக்கிறாள். கோட்டு ஒருகணம் உப்பி, பிறகு உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. தேர்வுக்காகத் தண்ணீருக்குள் தொங்கவிட்ட தார்ப்பாயின் ஓட்டை வழியாக அவள் நுழைந்து வர வேண்டும். மேற்பரப்பு மூடிக்கொள்கிறது. வீபே எழுந்துவிடுகிறான். தார்ப்பாய்க்கு அப்பால் நீலம் மேலே வருகிறது. கரைக்கு வந்தவளிடம் அவன் கையை நீட்டுகிறான். அவள் பிடிக்கவில்லை. "நீயும் குதி. உன்ன இழுத்துட்டு வர முடியுதான்னு பாக்கணும்." வீபே மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றிப் பெஞ்சில் வைக்கிறான்.