சுவர்ச் சூடு

குன்னூரில் சகாயமேரியின் பழைய வீட்டுக்கு அரசு மானியம் வந்து, படுக்கையறைச் சுவரில் மட்டும் வெப்பப் பலகை பதித்தார்கள். மானியப் பதிவில் பெயருள்ளவர் அறையில் இருந்தால்தான் அது சுடும். எழுந்து போனால் உடனே அணைந்துவிடும். அவளுடைய குறைமாதக் குழந்தைக்கு இன்னும் பெயர் பதியவில்லை. கணவன் ராணுவத்தில் இருந்தான். உதவிக்கு வேறு ஆளில்லை.

பலகையை ஆய்வு செய்ய வந்த அரசு ஊழியர் தனபாலிடம் அழுதாள்.

"நான் எழுந்து அடுப்படிக்குப் போனா, மூணு கம்பளி போத்தியும் புள்ளைக்கு கை நீலமாயிடுது சார். காலையில இருந்து நான் பச்சத்தண்ணி கூட குடிக்கல."

"பதிவாக இருபது நாளாகும்மா. என்னால அதை மாத்த முடியாது." சற்றுத் தயங்கினான். "நான் பாத்துக்கறேன். நீங்க போய் கஞ்சி வச்சுக் குடிங்க."

அவள் வெளியேறியதும் சுவர் குளிர்ந்தது. தனபாலின் பெயரும் அந்த வீட்டுப் பதிவில் இல்லையே.

அவசரமாகக் குடித்துவிட்டு ஓடிவந்தாள். தனபால் குழந்தையைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்திருந்தான். குளிரில் அவன் பற்கள் தந்தியடித்தன. குழந்தை தூங்கியிருந்தது.

மெதுவாக அதை அவள் கையில் கொடுத்தான்.

"நாளைக்கு எனக்கு கோத்தகிரியில டூட்டிம்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.