முன்னால் போகிறவர்

ஜீப் போய்விட்டது.

அதன் சிவப்பு விளக்கு மூடுபனிக்குள் மறைகிற வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏறிக்கிறீங்களாக்கா?" என்று டிரைவர் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டியது அவள்தான். மலை ஓட்டப் பந்தயத்தில் ஓட முடியாதவர்களைக் கடைசியாக அள்ளிக்கொண்டு போக வருகிற ஜீப் அது. போன வருஷம் அதில்தான் மலையிறங்கினாள். அதை வைத்து வீட்டில் வருஷம் முழுக்கக் கேலி. இந்த வருஷம் செத்தாலும் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வீறாப்பெல்லாம் ஜீப் சத்தம் கேட்கிற வரைக்கும்தான்.

இப்போது காடு மட்டும் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை சேறு.

காலை எடுத்தால் ஷூ வரமாட்டேன் என்றது. ஷூ வந்தால் கால் வழுக்கியது. ஓட்டம் என்று பேர்தான், ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பன் ஒன்றுதான் துணை. அதுவும் கிட்டப் போனால்தான் தெரிந்தது.

பயமாக இருந்தது. அதை யாரிடம் மறைக்கப்போகிறாள்?

காலையில் மைக்கில் சொன்னார்கள். இந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. பார்த்தால் ஓடாதீர்கள், அப்படியே நில்லுங்கள்.

ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவர்களிடம் ஓடாதே என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "அப்ப கப்பு கரடிக்குத்தானுங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நாச்சிமுத்து அண்ணன்.

பவானியில் டயர் கடை வைத்திருக்கிறார். ஊர் வண்டிக்கெல்லாம் டயர் மாட்டுகிற மனுஷன், தன் காலுக்கு மட்டும் ஒன்றும் மாட்டுவதில்லை. முள்ளோ கல்லோ, எந்த மலையானாலும் வெறுங்கால்தான். அத்தனை கூட்டத்தில் அப்படி ஓட வந்தவர் அவர் ஒருவரே.

அடுத்த மேட்டில் கை ஊன்றிக் குனிந்தபோது அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

முன்னால் போனவர்களின் ஷூ தடங்களை மழை கரைத்திருந்தது. அவற்றின் மேல் புதிதாக ஒரு வெறுங்கால்.

குதிகால். பாதம். வரிசையாக விரல்கள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணா!"

கேட்கவில்லை. காதில் பாட்டு மாட்டியிருப்பார்.

பரவாயில்லை. தான் கடைசி ஆள் இல்லை. முன்னால் ஒருவர் போகிறார். தடத்துக்குள் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. எட்டிப் போட்டால் பிடித்துவிடலாம்.

எட்டிப் போட்டாள்.

தடம் பாதையை விட்டு விலகவே இல்லை. சில இடங்களில் மட்டும் குழம்பிக் கிடந்தது. வழுக்கி விழுந்து, கையூன்றி எழுந்திருப்பார். விரல் நுனிகளுக்கு முன்னால் சேற்றில் கீறல்கள் இருந்தன. பாவம், கவ்விப் பிடித்து ஏறுகிறார். ஷூ போட்டால் என்னவாம் இந்த மனுஷனுக்கு?

பயம் போன இடத்தில் பேச்சு வந்துவிட்டது. மேலே போனதும் இதையெல்லாம் அவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏற்றம் திரும்புகிற வளைவில் சத்தம் கேட்டது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். புஸ், புஸ் என்று. சிரமப்பட்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் பேசுகிற அளவுக்கு நெஞ்சில் தெம்பில்லை போலிருக்கிறது.

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. நானும் வந்துட்டேன்."

மூச்சு நின்றது. தனக்காகத்தான் நிற்கிறார்.

"அம்மணி!"

குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள்.

நாச்சிமுத்து அண்ணன் கீழே இருந்து நொண்டிக்கொண்டே ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"ஓடைக்கிட்ட முள்ளு ஏறிப்போச்சுங்க. ஓரமா உக்காந்து புடுங்கிட்டு எந்திரிச்சா ஜீப்பும் இல்ல, ஒரு சனமும் இல்ல. நெசமாலுமே பயந்துட்டேன். பொறவு உங்க ஷூ தடம் தெரிஞ்சுது. செரி, அம்மணி முன்னால போகுதுங்கற ஒரு தைரியத்துல வந்துட்டேனுங்க."



அவள் கையை நீட்டித் தரையைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

"அட, நம்மளாட்டமே இன்னொருத்தனா!"

சிரித்தபடியே தன் வலது காலை அந்தத் தடத்துக்குள் வைத்தார். குதிகால் பொருந்தியது. பாதம் பொருந்தியது.

அவருடைய விரல்கள் முடிந்த இடத்துக்கு அப்பால், சேற்றில் ஐந்து நகக் கீறல்கள் மிச்சம் இருந்தன.

அவர் காலை எடுக்கவில்லை. சிரிப்பையும் உடனே எடுக்க முடியவில்லை. அது முகத்திலேயே நின்றது.

வளைவுக்கு அப்பால் மறுபடியும் மூச்சு வாங்கும் சத்தம். புஸ், புஸ்.

ஓடாதீர்கள். அப்படியே நில்லுங்கள்.

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவரும் அடக்கிக்கொண்டார்.

மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அதுவும் நின்றது.